பக்கத்து ஃபிளாட்காரர் மெயின்டனன்ஸ் கட்டாவிட்டால் யார் கட்டுவது?

கல்லூரி நண்பன் ஒருத்தன் ஃபுளோரிடாவில் இருக்கான். போன மாதம் ஒரு காண்டோ விளம்பரத்தை வாட்ஸப்பில் அனுப்பி, "பேங்க் ஏலத்துக்கு வருது, மார்க்கெட் விலையில பாதிதான் கேக்கறாங்க. எடுக்கலாமாடா?" என்று கேட்டான். நான் வக்கீல் இல்லை. ஆனால் எதையாவது தோண்ட ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத வியாதி எனக்கு உண்டு என்பது அவனுக்குத் தெரியும். அந்த ஃபிளாட்டைப் பற்றித் தேடப் போய், அமெரிக்க காண்டோ சட்டத்தில் மூன்று வாரம் மாட்டிக்கொண்டேன். இந்தக் குறிப்பு அதன் விளைவு.

முதலில் என்னைக் கட்டிப்போட்ட வழக்கைச் சொல்கிறேன். வாஷிங்டன் டிசியில் ஒரு காண்டோ. 2005-ல் அதன் மேல் 2,80,000 டாலர் வீட்டுக்கடன் எழுதப்பட்டது. சொந்தக்காரர் ஒரு கட்டத்தில் மாதக் கட்டணத்தைக் கட்டவில்லை. அசோசியேஷன் அந்த யூனிட்டை ஏலம் விட்டது. ஏலத்தில் போன விலை 10,000 டாலர். மீதிக் கடனுக்கு அந்த வீட்டின் மேல் தனக்குப் பிடி இருக்கிறது என்று வங்கி நினைத்தது. 2014-ல் டிசி மேல்முறையீட்டு நீதிமன்றம் 'இல்லை' என்று சொன்னது. ஏலத்தோடு வங்கியின் அடமானமே அழிந்துபோகலாம் என்பது தீர்ப்பு. சில ஆயிரம் டாலர் மெயின்டனன்ஸ் பாக்கி, இரண்டே முக்கால் லட்சம் டாலர் அடமானத்தைத் துடைத்துவிட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் நெவாடா உச்ச நீதிமன்றமும் இதே திசையில் ஒரு தீர்ப்பு கொடுத்தது. அது லாஸ் வேகஸ் பக்கம் ஒரு வீடு. கடன் 8,85,000 டாலர், அசோசியேஷன் ஏலத்தில் போனது 6,000 டாலருக்கு. எண்களை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

முதலில் இது அநியாயம் என்றுதான் தோன்றியது. சட்டம் ஏன் இப்படி எழுதப்பட்டது என்று படிக்கப் படிக்க என் அபிப்பிராயம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

காண்டோ என்பது சட்டப்படி ஒரு விநோதமான சொத்து. சுவர்களுக்கு நடுவில் இருக்கும் இடம் உங்களுடையது. கூரை, படிக்கட்டு, லிஃப்ட், நிலம், குழாய் எல்லாவற்றிலும் பிரிக்க முடியாத ஒரு பங்கும் உங்களுடையது. அமெரிக்காவில் இந்த வடிவம் ரொம்பப் பழசு இல்லை. போர்ட்டோ ரிக்கோ 1958-ல் சட்டம் போட்டது, யூட்டா 1960-ல். 1961-ல் மத்திய அரசு காண்டோ கடன்களுக்குக் காப்பீடு தரலாம் என்று ஆனதும், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் எல்லா மாநிலங்களும் சட்டம் போட்டுவிட்டன.

அசோசியேஷனுக்குத் தனியாக வருமானம் கிடையாது. வருஷ பட்ஜெட் போட்டு, அதைப் பங்கு விகிதப்படி பிரித்து, மாதாமாதம் வசூல் செய்கிறது. 100 யூனிட், மாதம் 400 டாலர் என்று வையுங்கள். வருஷத்துக்கு 4,80,000 டாலர். 15 பேர் கட்டவில்லை என்றால் 72,000 டாலர் துண்டு விழும். ஆனால் லிஃப்ட் கம்பெனியோ இன்ஷூரன்ஸ் கம்பெனியோ 15 சதவீதம் தள்ளுபடி தரப்போவதில்லை. ஆக மிச்சமுள்ள 85 பேர் மாதம் 400-க்குப் பதில் ஏறக்குறைய 471 டாலர் கட்ட வேண்டும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கட்டாத அந்த 15 பேருக்கு மற்ற 85 பேரும் கடன் கொடுத்திருக்கிறார்கள், தெரியாமலே, கையெழுத்துப் போடாமலே. வங்கி கடன் கொடுக்கும்போது சம்பளச் சீட்டைப் பார்க்கும், கிரெடிட் ஸ்கோரைப் பார்க்கும், வேண்டாம் என்று சொல்லவும் அதற்கு உரிமை உண்டு. பக்கத்து ஃபிளாட்காரருக்கு அப்படி எந்த வசதியும் இல்லை. கொடுக்கிற கடனை நிறுத்தவும் முடியாது. ஒருத்தர் வீட்டுக்கு மேல் இருக்கிற கூரையை மட்டும் பழுது பார்க்காமல் விட முடியுமா?

சேவையை நிறுத்திப் பார்க்கலாமே என்பீர்கள். ஃபுளோரிடா சட்டம் கொஞ்சம் அனுமதிக்கிறது. 90 நாளுக்கு மேல் பாக்கி என்றால் நீச்சல் குளம், ஜிம் போன்றவற்றைத் தடுக்கலாம், ஓட்டுரிமையை நிறுத்தி வைக்கலாம். ஆனால் தண்ணீர், மின்சாரம், லிஃப்ட், பார்க்கிங், வீட்டுக்குப் போகும் வழி இவற்றில் கை வைக்கக் கூடாது. நியாயம்தான். இதற்கு மறுபக்கமும் உண்டு. "நான் அந்தக் குளத்துப் பக்கமே போனதில்லை, எதுக்கு நான் கட்டணும்?" என்ற வாதம் செல்லாது. பொதுச் சொத்தை உபயோகிக்கவில்லை என்றோ, வீட்டையே காலி செய்துவிட்டேன் என்றோ சொல்லிக் கட்டணத்திலிருந்து தப்ப முடியாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. திவால் மனு போட்டாலும், அதற்குப் பிறகு சேரும் கட்டணம் வீடு உங்கள் பேரில் இருக்கும்வரை ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

வேறு வழியில்லாததால் மிஞ்சுகிற ஆயுதம் லீன். அதாவது பாக்கித் தொகையை அந்த வீட்டின் மேலேயே பதிவு செய்து வைப்பது. கடைசியில் வீட்டை ஏலம் விட்டு அந்தப் பணத்தை எடுக்கலாம். ஏலப் பணம் எல்லாக் கடனுக்கும் போதாவிட்டால், யாருக்கு முதலில்?

இது ஒரு வரிசை. முன்னால் அரசு வரி, அடுத்து வீட்டுக்கடன் கொடுத்த வங்கி, அதற்குப் பின்னால் அசோசியேஷன். ஆரம்பகாலச் சட்டங்கள் இப்படித்தான் வைத்தன. நம்ம பக்கமும் இந்த வரிசை வந்திருக்கிறது. மகாராஷ்டிராவின் 1970-ம் ஆண்டு அபார்ட்மென்ட் உரிமைச் சட்டம் 19-ம் பிரிவில் ஏறக்குறைய இதே அமைப்பைப் பார்க்கலாம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் விலை சரியும்போது என்ன ஆகும்? வீட்டின் விலை கடனுக்குக் கீழே போய்விட்டால் ஏலத்தில் வருவதை எல்லாம் வங்கி எடுத்துக்கொள்ளும். அசோசியேஷனுக்கு ஒரு டாலர்கூட வராது. கூரையைப் பழுது பார்த்து, இன்ஷூரன்ஸ் கட்டி, அந்த வங்கியின் அடமானச் சொத்தை விழாமல் காப்பாற்றி வைத்தது அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களின் பணம் என்பது கணக்கிலேயே வராது.

இதைச் சரி செய்யத்தான் மாநிலங்களுக்கான மாதிரிச் சட்டங்களை எழுதுபவர்கள் ஒரு யோசனை வைத்தார்கள். 1982-ல் வந்த மாதிரிச் சட்டம் பாக்கியை இரண்டாகப் பிளந்தது. கடைசி ஆறு மாதக் கட்டணம் மட்டும் வங்கிக்கு முன்னால், மீதி எல்லாம் வங்கிக்குப் பின்னால். சூப்பர் லீன் என்று இதற்குப் பெயர். எழுதியவர்களின் எதிர்பார்ப்பு எளிமையானது. ஆறு மாதப் பாக்கி சின்னத் தொகை, வங்கியே அதைக் கட்டிவிட்டுத் தன் அடமானத்தைக் காப்பாற்றிக்கொள்ளும், ஏலம் வரை போகாது.

வங்கிகள் பல இடங்களில் கட்டவில்லை. டிசியும் நெவாடாவும் அதன் பலன். டிசியில் ஆறு மாதம், நெவாடாவில் ஒன்பது மாதம் வங்கிக்கு முன்னால் நிற்கிறது. வங்கிக்கு முன்னால் நிற்கும் கடன் ஏலத்துக்குப் போனால், பின்னால் நிற்கும் கடன்கள் அழியும் என்பது பழைய விதி. நீதிமன்றங்கள் சட்டத்தில் எழுதியிருந்ததை எழுதியபடி படித்தன, அவ்வளவுதான். நெவாடா சட்டசபை அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, நோட்டீஸ் விதிகளை இறுக்கி, வங்கிக்குச் சில பாதுகாப்புகளைக் கொடுத்தது. ஃபேனி மே, ஃப்ரெடி மேக் வசம் இருக்கும் கடன்களை அவற்றின் கண்காணிப்பு அமைப்பின் சம்மதம் இல்லாமல் இப்படி அழிக்க முடியாது என்று மத்தியச் சட்டத்தைக் காட்டி வேறு வழக்குகள் முடிந்தன.

ஒரு விஷயம் எனக்கு இன்னும் நெருடுகிறது. 6,000 டாலருக்கு வீட்டை எடுத்தது வெளியிலிருந்து வந்த முதலீட்டுக் கம்பெனி. பாக்கியைச் சுமந்த பக்கத்து வீட்டுக்காரர்களைக் காப்பாற்ற வந்த சட்டத்தில் பெரிய லாபம் மூன்றாவது ஆளுக்குப் போனது.

இனி நண்பனின் ஃபுளோரிடா. அங்கே இந்த சூப்பர் லீன் கிடையாது, வேறு ஏற்பாடு. ஃபுளோரிடா சட்டப் புத்தகத்தின் 718-ம் அத்தியாயம்தான் காண்டோ சட்டம். முதல் அடமானம் வைத்திருக்கும் வங்கி வீட்டை ஏலத்தில் தானே எடுத்துக்கொண்டால், சில நிபந்தனைகளோடு, பழைய பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டினால் போதும். 12 மாதக் கட்டணம், அல்லது முதலில் எழுதிய கடனில் 1 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 400 டாலர், கடன் 2,80,000 டாலர். 12 மாதம் என்றால் 4,800. ஒரு சதவீதம் என்றால் 2,800. ஆக வங்கி தருவது 2,800 டாலர். வழக்கு மூன்று வருஷம் இழுத்தால் பாக்கி 14,400 டாலர். மிச்சம் 11,600 டாலர் மற்ற யூனிட்காரர்கள் தலையில். வங்கி தன் பேருக்கு வீட்டை மாற்றிக்கொள்ளும் நாள் வரை மாதக் கட்டணம் அதன் பொறுப்பு இல்லை. அதனால் விலை சரிந்த காலத்தில் வழக்கை மெதுவாக நடத்துவதில் வங்கிக்கு நஷ்டம் குறைவு. 2008-க்குப் பிறகு ஃபுளோரிடாவில் ஏல வழக்குகள் வருஷக்கணக்கில் இழுத்தன. 2010-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு முன்னால் இந்த உச்சவரம்பு ஆறு மாதமாக இருந்தது, பன்னிரண்டாக்கினார்கள். கூடவே இன்னொன்று. சொந்தக்காரர் வாடகையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மெயின்டனன்ஸ் கட்டாமல் இருந்தால், அசோசியேஷன் நேராக வாடகைக்காரரிடமே வாடகையைக் கேட்டு வாங்கலாம். அப்படிக் கொடுத்ததற்காக அவரை வெளியேற்ற முடியாது. படித்ததும் கைதட்டத் தோன்றிய விதி இது.

சாஃப்ட்வேர் வேலையில் ஒரு கெட்ட கனவு உண்டு. பத்து சர்வரில் ஒன்று விழும். அதன் பாரம் மற்ற ஒன்பதின் மேல் ஏறும். அதில் பலவீனமான ஒன்று விழும். பிறகு எட்டு. காண்டோவிலும் இதே கதைதான். 471 டாலர் ஆனதும், 400-ஐயே தட்டுத்தடுமாறிக் கட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்துவார். இதோடு நிற்பதில்லை. அமெரிக்க வங்கிகள் கொடுக்கிற வீட்டுக்கடனில் பெரும்பகுதியை ஃபேனி மே போன்ற நிறுவனங்கள் வாங்கிக்கொள்கின்றன. வெகுகாலமாக அவர்களுடைய அளவுகோல் ஒன்று, 15 சதவீதத்துக்கு மேற்பட்ட யூனிட்கள் 60 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருந்தால் அந்தக் கட்டடத்தில் கடன் வேண்டாம் என்பது. கடன் கிடைக்காத கட்டடத்தில் ரொக்கம் வைத்திருப்பவர் மட்டுமே வாங்க முடியும். விலை இறங்கும். விற்றுவிட்டுக் கிளம்ப நினைத்தவரும் மாட்டிக்கொள்வார். நண்பன் அனுப்பிய 'பாதி விலை' விளம்பரத்தை இதற்குப் பிறகு எடுத்துப் பார்த்தபோது அது எனக்கு வேறு மாதிரி தெரிந்தது.

இதுவரை அசோசியேஷன் பக்கம் நின்றே பேசிவிட்டேன். கட்ட முடியாதவர் நிலைமையையும் பார்க்க வேண்டும். ஃபுளோரிடாவில் காண்டோ ஆவணத்தில் வேறு விகிதம் சொல்லியிருக்காவிட்டால் பாக்கிக்கு வருஷ வட்டி 18 சதவீதம். ஆவணத்தில் இடமிருந்தால் தாமதக் கட்டணம் 25 டாலர் அல்லது தவணையில் 5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. இவற்றைவிட மோசமானது, கட்டுகிற பணத்தை எந்த வரிசையில் வரவு வைப்பது என்ற விதி. முதலில் வட்டி, பிறகு தாமதக் கட்டணம், பிறகு வக்கீல் செலவு, கடைசியில்தான் அசல் கட்டணம்.

ஒருவர் ஜனவரி, பிப்ரவரி கட்டவில்லை. முன்னறிவிப்புக் கெடு தாண்டி விஷயம் வக்கீலிடம் போய் 300 டாலர் செலவு ஏறிவிட்டது என்று வையுங்கள். மார்ச்சில் வேலை கிடைத்து, 'இந்த மாதத்திலிருந்து ஒழுங்காகக் கட்டுவோம்' என்று 400 டாலர் அனுப்புகிறார். வட்டிக்கு 18, தாமதத்துக்கு 50, வக்கீலுக்கு 300 போய்விடும். மிஞ்சுவது 32 டாலர், அதுவும் ஜனவரிக் கணக்கில். செக்கின் மேல் 'மார்ச் மாதக் கட்டணம்' என்று எழுதி அனுப்பினாலும் வரிசை மாறாது. அவர் மனக்கணக்கில் மார்ச் முடிந்தது. அசோசியேஷன் கணக்கில் அவர் இன்னும் 1,168 டாலர் பாக்கி, அதற்கும் 18 சதவீதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபுளோரிடாவில் குடியிருக்கும் வீட்டைப் பொதுவாகக் கடன்காரர்கள் தொட முடியாது, ஆனால் அந்தப் பாதுகாப்பு இந்த மாதிரிப் பராமரிப்புக் கட்டணப் பாக்கிக்குச் செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது.

கலிஃபோர்னியா இதில் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. பாக்கி 1,800 டாலரைத் தொட வேண்டும், அல்லது 12 மாதத்துக்கு மேல் பழசாக வேண்டும். அதற்கு முன் வீட்டை ஏலம் விட முடியாது. அந்த 1,800-ல் வட்டி, தாமதக் கட்டணம், வக்கீல் செலவு எதுவும் சேராது. சின்னப் பாக்கிக்கு ஒருத்தர் வீட்டை இழக்கக் கூடாது என்ற எண்ணம். என் ஓட்டு கலிஃபோர்னியாவுக்குத்தான். அசோசியேஷன்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

ஒருத்தர் கட்டாவிட்டால் என்ன செய்வது என்று சட்டம் இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறது. எல்லாரும் சேர்ந்து கட்டாவிட்டால்?

நம்ம ஊரில் கார்பஸ் ஃபண்ட் என்கிறோமே, அங்கே அதற்கு ரிசர்வ் என்று பெயர். இருபது வருஷம் கழித்துக் கூரை மாற்ற வேண்டியிருக்கும், கான்கிரீட்டைச் சரி செய்ய வேண்டியிருக்கும். அதற்காக மாதாமாதம் ஒதுக்குவது. ஃபுளோரிடா சட்டம் ரிசர்வ் வேண்டும் என்றது, அதே சமயம் கூட்டம் போட்டுப் பெரும்பான்மை ஓட்டில் அதை வேண்டாம் என்று தள்ளவும் அனுமதித்தது. மாதக் கட்டணம் குறையும் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? எதிர்காலத்தில் அங்கே குடியிருக்கப்போகிறவருக்கு இன்றைய கூட்டத்தில் ஓட்டு இல்லை.

சர்ஃப்சைடில் இருந்த சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத், 136 யூனிட், 1981-ல் கட்டியது. கட்டமைப்பில் பெரிய சேதம் இருக்கிறது என்று 2018-லேயே பொறியாளர் அறிக்கை சொன்னது. கையில் போதுமான ரிசர்வ் இல்லை. 2021 ஏப்ரலில்தான் 1.5 கோடி டாலர் சிறப்பு வசூலுக்கு ஒப்புதல் கிடைத்தது. ஒரு படுக்கையறை யூனிட்டுக்கே பங்கு 80,000 டாலருக்கு மேல். ஜூலை 1 முதல் கட்ட ஆரம்பிக்க வேண்டும். ஜூன் 24 அதிகாலையில் கட்டடத்தின் பெரும்பகுதி சரிந்தது. 98 பேர் இறந்தார்கள். பணம் இல்லாததுதான் இடிந்ததற்குக் காரணம் என்று ஒற்றை வரியில் சொல்லிவிட முடியாது. ஆனால் பழுது பார்க்க வேண்டிய வேலையும் அதற்கான பணமும் வருஷக்கணக்கில் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தன என்பது ஆவணங்களில் இருக்கிறது.

2022 மே மாதம் ஃபுளோரிடா சட்டத்தை மாற்றியது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள காண்டோக்களுக்குக் கட்டமைப்பு ரிசர்வ் ஆய்வு கட்டாயம். 2024 கடைசி நாளிலிருந்து போடும் பட்ஜெட்டுகளில் கூரை, தாங்கும் சுவர் போன்றவற்றுக்கான ரிசர்வை ஓட்டுப் போட்டுத் தள்ள முடியாது. இருபது முப்பது வருஷம் கட்டாமல் விட்டதெல்லாம் ஒரே நேரத்தில் கதவைத் தட்டியது. மாதக் கட்டணம் தாவியது, பென்ஷனில் வாழும் முதியவர்கள் விற்கக் கிளம்பினார்கள். 2025-ல் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ரிசர்வுக்குக் கடன் வாங்கலாம், ஆய்வு முடித்த கட்டடங்கள் இரண்டு பட்ஜெட் வரை நிறுத்தி வைக்கலாம் என்று. ஒதுக்கீட்டைத் தள்ளிப்போடலாம், கான்கிரீட்டின் வயதைத் தள்ளிப்போட வழியில்லை.

சரி, நண்பனின் ஏலத்துக்கு வருகிறேன். வங்கிக்குக் கிடைக்கும் '12 மாதம் அல்லது 1 சதவீதம்' சலுகை ஏலத்தில் எடுக்கும் வெளியாளுக்குக் கிடையாது. புதுச் சொந்தக்காரர், அவர் எந்த வழியில் வாங்கியிருந்தாலும், பழையவரோடு சேர்ந்து முழுப் பாக்கிக்கும் பொறுப்பு என்கிறது சட்டம். சாதாரண விற்பனை என்றால் எஸ்டாப்பல் சான்றிதழ் என்று ஒன்று கேட்டு வாங்கலாம். பாக்கி எவ்வளவு என்று அசோசியேஷன் 10 வேலை நாளில் எழுதித் தர வேண்டும். ஆனால் அதைக் கேட்கும் உரிமை சொந்தக்காரருக்கும், அவர் நியமித்தவருக்கும், அடமானம் வைத்திருப்பவருக்கும்தான். ஏலத்தில் கை தூக்க வருகிறவருக்கு இல்லை. அவர் கவுண்டிப் பதிவேட்டைத்தான் தோண்ட வேண்டும்.

தோண்டினோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அசோசியேஷன் பதிவு செய்த லீன் ஒன்று இருந்தது, தொகை 7,140 டாலர். அதற்குப் பிறகு மாதம் 610 வீதம் 24 மாதம். ஒரு ஷீட்டில் 18 சதவீத வட்டியோடு போட்டுப் பார்த்தபோது 27,000 டாலர் கிட்ட வந்து நின்றது. வக்கீல் செலவைச் சேர்க்கவில்லை, ரிசர்வ் ஆய்வு முடிந்து என்ன சிறப்பு வசூல் வரப்போகிறது என்பதையும் சேர்க்கவில்லை.

"அப்போ பாதி விலை இல்லையா?" என்றான். ஷீட்டை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். ஏலத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.